கீச்சிடாத பெட்டி

அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்கு மூத்தவர் காசிநாதன். செத்துப்போன அவருடைய தம்பியின் மனைவி வேலம்மா. வேலம்மாவின் மகள் கண்மணி. அவளைப் பெண் பார்க்கத்தான் மற்றவர்கள் வந்திருந்தார்கள். பெரும்பாறையிலிருந்து வந்த ஆண்டிச்சாமி, அவர் மனைவி மாரியாயி, அவர்களுடைய மகன் குழந்தைவேல். இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்த மாயாண்டி. எட்டாவதாக ஒருவரும் இல்லை.

எண்பத்தொன்றாம் வருஷத்துக் கார்த்திகை. பண்ணைக்காட்டில் ஒன்பது நாளாக வெயில் முகம் காட்டவில்லை. மேகம் காப்பிச் செடிகளுக்கு இடையில் இறங்கி உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மனமில்லாமல் கிடந்தது. காயவைத்த துணி புளித்த வாடை அடித்தது.

காசிநாதனின் தகப்பனார் இலங்கையில் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கங்காணி. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நூற்றிருபது ஆள் அவர் பெயரைச் சொல்லி வரிசையில் நிற்கும். காசிநாதன் ஸ்டோரில் வேலை பார்த்தார். தேயிலை அரைக்கிற ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த உருளைகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் நடுவில் நின்றவர். எழுபத்து மூன்றில், இந்தியாவுக்குப் போ என்று காகிதம் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார்கள். மனைவியை அங்கேயே புதைத்துவிட்டு, தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கினார். தம்பியும் இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தான்.

பண்ணைக்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது. தோட்டத்துக்காரரே தகரக் கூரை போட்ட வீடும் கொடுத்தார். ஊரார் அவரைச் சிலோன்காரர் என்றார்கள். கங்காணி என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. ஒரு தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது வாசல் நிலைக்கு மேலே, ‘கங்காணி வீடு’ என்று காவிக்கட்டியால் தாமே எழுதினார். அதற்குப் பிறகு பாதிப் பேர் மரியாதையாகவும் பாதிப் பேர் கேலியாகவும் கங்காணியார் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எது எந்தப் பாதி என்று அவர் ஆராயவில்லை. தோளில் துண்டும் நிமிர்ந்த முதுகுமாக நடந்தார்.

கண்மணிக்குப் பதினான்கு வயதில், கப்பலிறங்கின வருஷமே, மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை விட்டுவிட்டு இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. பேச்சு போகவில்லை. கொஞ்சம் உரத்துப் பேசுவாள், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்துக் கோடைக்கானலில் மிஷன்காரர்கள் காது முகாம் நடத்தியபோது, வேலம்மா மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். காசிநாதன் போகவில்லை. செவிட்டு முகாமில் வரிசையில் நிற்பது கங்காணி வீட்டு ஆம்பிளைக்கு அழகா?

அங்கே கொடுத்ததுதான் அந்தப் பெட்டி. சீட்டுக்கட்டு அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் மேலேறிக் காதுக்குள் பொருத்துகிற அச்சுக்குப் போகும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு சக்கரம். அதில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண். பக்கத்தில் மூன்று இடத்தில் நிற்கிற ஒரு விசை. முகாமில் இருந்த சிஸ்டர் தாயையும் மகளையும் எதிரே உட்காரவைத்து, ‘ஓ’வில் வைத்தால் அணைந்துவிடும், ‘எம்’மில் வைத்தால் ஆள் பேசுவது கேட்கும், நடுவில் இருக்கிற ‘டி’ டெலிபோன் பேசுகிறவர்களுக்கு, உங்களுக்கு அது வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள்.

அதற்குப் பென்சில் செல் ஒன்று போட வேண்டும். சக்கரத்தை ஆறில் வைத்து நாளெல்லாம் ஓடவிட்டால் ஒரு வாரத்தில் செத்துவிடும். மூன்றில் வைத்து, பழம் பறிக்கிற நேரம் அணைத்துப்போட்டால் மூன்று வாரம் இழுக்கலாம். பண்ணைக்காட்டுக் கடைகளில் டார்ச்சுக்குப் போடுகிற தடி செல்தான் உண்டு. பென்சில் செல் வத்தலக்குண்டிலிருந்து பஸ் டிரைவர் கையில் வர வேண்டும். மழையில் மலைப்பாதை சரிந்தால் பஸ் இல்லை. பஸ் இல்லையென்றால் கண்மணிக்குக் காது இல்லை. ஆகவே காசிநாதன் ஒரு சட்டம் போட்டிருந்தார். “பேச்சு இருக்கும்போது போட்டுக்க. சும்மா இருக்கும்போது எதுக்கு ஓடணும்?”

பேச்சு எப்போது வரும் என்று காது கேட்காதவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசித்ததில்லை.

சோர்ந்த செல்லை வேலம்மா முறத்தில் வைத்து வெயிலில் போடுவாள். வெயில் இல்லாத மாதங்களில் அடுப்பு மேடையில், கருவாட்டுச் சட்டிக்குப் பக்கத்தில். சூடேறினால் இன்னும் ஒரு பொழுதுக்கு உயிர் வரும். காப்பித் தோட்டத்தில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கண்மணி பழம் உருவும்போது கூடப் பறிக்கிற பெண்கள் சும்மா விடமாட்டார்கள்.

“ஏத்தா கண்மணி, ஒன் ரேடியோவுல இன்னைக்கு ஸ்டேஷன் கெடைச்சுதா?”

அவள் வாயசைவைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, “ஒன் பாட்டு வருமேன்னு பயந்துதான் அணைச்சுப் போட்டிருக்கேன்” என்பாள். சிரிப்பு இரண்டு வரிசை தாண்டிப் போகும். அட்டை ஏறிய காலைத் தேய்த்துக்கொண்டு அவளும் சிரிப்பாள். பறிப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. மூட்டை ஏற்ற ஜீப் கொண்டுவருகிற குழந்தைவேல் அந்தச் சிரிப்பைப் பல நாள் பார்த்திருக்கிறான். அது காசிநாதனுக்குத் தெரியாது.

ஆவணியில் தாண்டிக்குடியிலிருந்து ஒரு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பதினாறு வயதில் அளவெடுத்த அச்சு இருபத்திரண்டு வயதுக் காதில் தொளதொளவென்று இருந்தது. அது நெகிழும்போதெல்லாம் பெட்டி கீச்சென்று கத்தும். அன்று கண்மணி குனிந்து நமஸ்காரம் செய்தபோது சேலைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கிளம்பிற்று. வந்த கிழவர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, “என்னய்யா, வீட்டுக்குள்ள சுண்டெலி கெடக்கா?” என்றார். காசிநாதன் ஆமாம் என்றார். சத்தம் மறுபடியும் வந்தது. கூட வந்த பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டிலிருந்து பிறகு பதில் இல்லை.

இரண்டாம் தடவை அப்படி நடக்கக்கூடாது என்பதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிநாதன் நெஞ்சில் இருந்த ஒரே எண்ணம். வெள்ளனே எழுந்து சவரம் செய்துகொண்டார். வேலம்மா கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைத்து, மலைவாழைப்பழத்தைத் தட்டில் அடுக்கியிருந்தாள். வீட்டில் குடிப்பது தேத்தண்ணி. வருகிறவர்களுக்காகக் காப்பிக்கொட்டை வறுத்து இடித்திருந்தாள். கண்மணி தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி பலகைமேல் கிடந்து கீச்சென்று கத்தியது.

“இது இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம். இப்படியே கெடக்கட்டும்” என்றார் காசிநாதன் வேலம்மாவிடம்.

“கழட்டி வச்சா பேரு கேட்டாக்கூட முழிப்பாளே மாமா” என்றாள் வேலம்மா. “புதுச் செல்லு. நேத்துத்தான் பஸ்ஸுல வந்துச்சு.”

“புதுச் செல்லு போட்டதுலதான் இந்தக் கத்துக் கத்துது. மானத்த வாங்குறதுக்குன்னே செஞ்சு குடுத்திருக்காங்க.”

அவர் பெட்டியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். விசையைக் கட்டைவிரலால் தள்ளினார். ஓர் இடம் நகர்ந்து நடுவில் நின்றது. கீச்சு நின்றுவிட்டது.

அணைந்துவிட்டதோ என்று அச்சை எடுத்துத் தம் காதில் வைத்துக்கொண்டார். தலைக்கு மேலே பல்புக்குப் போகிற கரண்டு வயர்; விசை நடுவில் நின்றால் பெட்டி அதன் இரைச்சலைத்தான் பிடிக்கும். காதுக்குள் உர்ரென்று ஒரே சீராக ஓர் ஓட்டம் கேட்டது.

அந்தச் சத்தம் அவருக்கு அந்நியமில்லை. பூண்டுலோயா ஸ்டோரில் விடிய விடிய அவர் கேட்ட சத்தம் அது. மிசின் கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். ஓடிப்போய் நிறுத்த வேண்டும். உர்ரென்று ஓடினால் எல்லாம் அததன் இடத்தில் இருக்கிறது, துரை தூங்கலாம், டீமேக்கர் தூங்கலாம். பல மாதத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது.

“பாரு வேலம்மா. பெல்ட்டு சரியா ஏறிக்கிச்சு. இத்தன நாளும் தப்பான எடத்துல வச்சு ஓட்டியிருக்கீங்க.”

கண்மணி திரும்பிப் பார்த்தாள். விசை நின்ற இடத்தைப் பார்த்தாள்.

“பெரியப்பா, அது போனுக்கு உள்ளது. அதுல வச்சா எனக்கு ஒண்ணும் கேக்காது.”

“நான் இப்பத்தான காதுல வச்சுப் பாத்தேன்? ஓடுது. இருவத்திரெண்டு வருசம் மிசினோட கெடந்தவனுக்கு நீ மிசினு சொல்லிக் குடுக்குறியா?”

பெட்டி அவர் கையில் இருந்ததால் அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து, இதற்கு மேல் பேசக்கூடாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டாள்.

வேலம்மாவுக்குச் சிஸ்டர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் மச்சாண்டாரை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கீழே ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது. விசையைத் தொடத் துணியாமல், அவசர அவசரமாகப் பெட்டியை மகளின் ரவிக்கைக்குள் வைத்து ஊக்குக் குத்தி, வயரைப் பின்னலுக்குள் மறைத்து, மேலே பூச்சரத்தைத் தொங்கவிட்டாள். காசிநாதன் கண்மணியின் முன் நின்று, தாம் தலையைக் குனிந்து காட்டி, விரலை ஆட்டினார். நிமிரக்கூடாது. வருகிறவர்கள் அவள் கண் வாயசைவைத் தேடி அலைவதைப் பார்த்துவிடக்கூடாது.

மழை தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்டிச்சாமி துண்டால் தலையைத் துவட்டியபடி உட்கார்ந்தார். வாட்டசாட்டமான, சிரித்த முகக்காரர்.

“சிலோன் வீடு, நல்ல தேத்தண்ணி கெடைக்கும்னு நெனச்சு வந்தேன். நீங்களும் காப்பியவே குடுக்குறீகளே.”

“காப்பித் தோட்டத்துக்காரங்களுக்குக் காப்பிதான மரியாதை” என்றார் காசிநாதன்.

“நாங்க என்னய்யா தோட்டத்துக்காரங்க. நாலு மொளகுக் கொடி, ரெண்டு ஆரஞ்சு மரம். மத்ததெல்லாம் கடன்ல ஓடுற ஜீப்பு.”

“ஜீப்ப அவன் ஓட்டலைங்க, அதுதான் அவன ஓட்டுது” என்றார் மாயாண்டி. குழந்தைவேல் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

கண்மணி காப்பித் தட்டோடு வந்தாள். கொடுத்தாள். பாயில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். பெட்டி கத்தவில்லை. காசிநாதனின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

மாரியாயி எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு காசிநாதனைப் பார்த்து, “ஏங்க, மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு வாயில ஒண்ணு பேச எனக்குத் தெரியாது. வெளிப்படையாப் பேசிருவோம். பிள்ளைக்குக் காது மந்தம்னு எங்களுக்குத் தெரியும். மூட்டை ஏத்த வரும்போது இவன் பாத்திருக்கான். வந்து சொன்னான். என்கூடப் பெறந்தவளே ஒருத்தி செவிடுதான். மூணு பிள்ளையப் பெத்து, காடும் மாடுமா நல்லாத்தான் இருக்கா. எங்களுக்கு அதுல ஒரு மனக்கொறையும் இல்ல” என்றாள்.

வேலம்மாவின் கண்ணில் சட்டென்று நீர் கட்டியது. எட்டு வருஷமாக அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை இந்தப் பெண் கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

காசிநாதனுக்கு வேறு விதமாக இருந்தது. நாலு பேர் நடுவில் இடுப்பு வேட்டியை உருவினாற்போல இருந்தது. தோட்டத்தில் எவனெவன் பேசினான்? எத்தனை நாளாகப் பேசுகிறார்கள்? கங்காணி வீட்டுப் பெண்ணுக்கு ஒரு ஜீப்காரன் இரக்கப்பட்டு வாழ்க்கை கொடுக்க வந்திருக்கிறானா?

“எவன் சொன்னது?” என்றார்.

“சொல்லணுமாய்யா, கண்ணால—” என்று தொடங்கினாள் மாரியாயி.

“எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கொறையும் கெடையாது. நல்லாக் கேக்கும். நீங்க வேற யாரையோ பாத்துட்டு வந்து சொல்லுறீங்க.”

“மாமா...” என்றாள் வேலம்மா.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

மாயாண்டி தொண்டையைச் செருமினார். ஆண்டிச்சாமி, “கொறைன்னு நாங்க சொல்லலையே பெரியவரே” என்றார் மெல்ல.

மாரியாயி கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, “சரிங்க. நல்லாக் கேக்கும்னா எங்களுக்கும் சந்தோசந்தான். அப்ப நான் பிள்ளகிட்டயே கேட்டுக்கிறேன்” என்றாள். தன் தங்கையிடம் பேசுவதுபோல முகத்தைத் திருப்பிப் பிடித்து, வாயைப் பெரிதாகத் திறந்து அவள் பேசவில்லை. நன்றாகக் கேட்கும் பெண் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் செய்தால் அவமானப்படுத்துவதாகும். ஆகவே குனிந்த தலைக்குப் பக்கத்தில், பெண்ணுக்குப் பெண் பேசுகிற தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“கண்மணி, எங்க வீட்டுக்கு வர ஒனக்குச் சம்மதமாத்தா?”

கண்மணி பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குள் உர்ரென்ற ஓட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை.

“கூச்சப்படாமச் சொல்லு. என் மகன ஒனக்குப் பிடிச்சிருக்கா?”

மழைதான் கேட்டது.

“இல்ல, பிடிக்கலைன்னாலும் சொல்லு. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்.”

அந்தக் கணத்தில் காசிநாதனுக்குத் தெரிந்துவிட்டது. பெல்ட் ஓடுகிறது, உருளை சுற்றவில்லை. அவளுக்குக் கேக்கல. அந்த ஒரு வார்த்தை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால், சற்று முன்பு நாலு பேர் நடுவில் சொன்னது பொய் என்றாகும். பெரிய கங்காணி மகன் சபையில் வைத்துப் பொய் சொன்னான் என்றாகும். அவர் விழுங்கினார். வேலம்மா மகளைத் தொடக் கையை நீட்டினாள். மச்சாண்டாரின் கண்ணைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டாள்.

குழந்தைவேல் எழுந்தான். முகம் கறுத்திருந்தது. “விடும்மா. தோட்டத்துல எல்லாருக்கும் சிரிச்சுப் பதில் சொல்லுற பிள்ளைதான். பிடிக்கலைன்னு வாயத் தொறந்து சொல்லக்கூட மனசில்ல அதுக்கு. எதுக்குக் கட்டாயப்படுத்துற?”

“அய்யா, வாரோம்” என்றார் ஆண்டிச்சாமி. காப்பி பாதி டம்ளரில் ஆறிக் கிடந்தது.

கால்கள் எழுந்து நகர்வதைக் கண்மணி பார்த்தாள். வாசலில் செருப்புகள் போன பிறகே நிமிர்ந்தாள். கீழே ஜீப் உறுமி மழைக்குள் இறங்கியது. அவள் முகத்தில் வெட்கமும் ஆசையும் இருந்தன.

“அந்தம்மா என் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களேம்மா, என்ன கேட்டாங்க?” என்றாள் உரத்த குரலில்.

வேலம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் விசையை எம்முக்குத் தள்ளிவைத்து, மகளின் நெஞ்சுக்கு நேரே வாயை வைத்து, வேலம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கண்மணி அழவில்லை. “மூணு தடவையா கேட்டாங்க?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் பெட்டியை அணைத்தாள்.

பத்து நாள் கழித்து, மாயாண்டி மழையில் நனைந்துகொண்டு தோட்டத்துக்கே வந்தார். காசிநாதன் பழ மூட்டைகளை எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

“கங்காணியாரே, காரியம் இன்னும் கெட்டுப்போகல. நான் மாரியாயிகிட்டப் பக்குவமாப் பேசியிருக்கேன். அன்னைக்குப் பிள்ளைக்குக் கேக்காமத்தான் பேசலையோன்னு அந்தம்மாவுக்கே ஒரு சந்தேகம். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“என்ன சொல்லணும்?”

“ஆமா, காது மந்தம்தான், அன்னைக்கு ஏதோ வாய்தவறிச் சொல்லிட்டேன்னு.”

காசிநாதன் எடைக்கல்லை இறக்கிவைத்தார்.

“மாயாண்டி, நூத்திருவது ஆளு எங்கப்பா சொன்ன சொல்லுக்குக் கடல் தாண்டி வந்துச்சு. சொன்ன சொல்ல மாத்தி எங்க வம்சத்துல பழக்கமில்ல.”

“சொல்லு நிக்கும்ணே. பிள்ள நிக்குதே, அதுக்கு என்ன சொல்லுறீங்க?”

காசிநாதன் அடுத்த மூட்டையைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இரண்டு வரிசைக்கு அப்பால் கண்மணி முதுகைக் காட்டிக்கொண்டு பழம் உருவிக்கொண்டிருந்தாள். மாயாண்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு துண்டைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு போனார்.

மாயாண்டி வந்துபோனதைக் கேள்விப்பட்ட வேலம்மா, அன்று இரவு சோறு போடும்போது முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தாள். “நான் போய்ச் சொல்லிட்டு வாரேன் மாமா. பொம்பளதான, எனக்கென்ன கவுரவம்?”

“போனா, அப்படியே போயிரு” என்றார் காசிநாதன்.

போக்கிடமில்லாதவள் குழம்பை ஊற்றினாள்.

தையில் குழந்தைவேலுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் சித்தரேவுப் பக்கம். வத்தலக்குண்டு பஸ் டிரைவர் பென்சில் செல் வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று கண்மணி தலையாட்டிவிட்டாள். தோட்டத்துப் பெண்களும் ஸ்டேஷனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள். பேசினால் அவள் வாயைப் பார்ப்பதில்லை, பழத்தைப் பார்க்கிறாள். காசிநாதன் ஒருநாள் தாமே செல் வாங்கிவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். செல் அங்கேயே இருந்தது.

ஊர் என்னவோ வேறு மாதிரி பேசிற்று. டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். பெரும்பாறைக்காரர் வீடு தேடி வந்து கேட்டும், கங்காணி வீட்டுப் பெண் ஜீப் ஓட்டுகிறவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்; எத்தனை கஷ்டப்பட்டாலும் அந்த வம்சத்துத் திமிர் போகுமா என்றார்கள். காசிநாதன் மறுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்தார்.

அந்தப் பேச்சு உண்மையல்ல. கண்மணி வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளை மூன்று தடவை கேட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை.